கடைசிப் பெஞ்சிலிருந்து வந்த குரல்

இது நடந்தது. நடந்த ஊர் திருப்பூர்; நடந்த ஆண்டு இரண்டாயிரத்து ஏழு. நள்ளிரவு, சுடுகாடு, ஒற்றைப் புளியமரம் ஆகியவற்றை எதிர்பார்த்து வந்தவர்கள் ஏமாந்து போவார்கள். இதில் பயம் வந்த நேரம் காலை ஒன்பது முப்பத்தைந்து. சன்னல் வழியே நல்ல வெயில் விழுந்துகொண்டிருந்தது. சுற்றிலும் அறுபது பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் பலர் இன்றும் அதே ஊரில்தான் பிழைக்கிறார்கள். இதைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறார்கள். நம்புவதும் நம்பாததும் படிப்பவர் விருப்பம். ஆனால் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் யாரேனும் இதைப் படித்தால், வராத நண்பனுக்காக இனிமேல் வகுப்பில் குரல் கொடுக்க வேண்டாம் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன். காரணம் கடைசியில் தெரியும்.

முனீஸ் அப்போது பி.காம். இரண்டாம் ஆண்டு. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். வேலம்பாளையத்தில் ஒற்றை அறை லைன் வீடு. அப்பா ராக்கையா பனியன் கம்பெனிகளில் துணி மூட்டை ஏற்றுபவர். அந்த மார்கழியில் லாரி மேலிருந்து மூட்டையோடு சரிந்து விழுந்தார். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி திரும்பவில்லை. அம்மா ஒச்சாயி செக்கிங்கில் பிசிறு வெட்டினாள். தைத்த பனியனில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் முனைகளை நாள் முழுவதும் குனிந்து நறுக்கும் வேலை. அவளுடைய கனவு ஒன்றே ஒன்றுதான். மகன் பட்டம் வாங்க வேண்டும். கம்பெனி வாசலில் பெஞ்சில் உட்கார்ந்து, பேனா பிடித்துக் கணக்குப் பார்க்கிறார்களே, அந்த ஆட்களில் ஒருவனாக அவன் ஆக வேண்டும்.

அதுவரை அவன் மாலை நேரத்தில் மட்டும் ஓவர்லாக் மிஷினில் தைத்துக்கொண்டிருந்தான். அப்பா படுத்த பிறகு அது போதவில்லை. சூப்பர்வைசர் ஈஸ்வரமூர்த்தி நல்ல மனிதர். ஆனாலும் சொல்லிவிட்டார்.

"ஷிப்மெண்ட் டைமுங்க தம்பி. அரை ஷிப்டுக்கு ஆள் வெச்சுட்டு நான் என்ன பண்றது? வந்தா முழுசா வாங்க. இல்லீன்னா விட்டுருங்க, வேற ஆளப் பாத்துக்கறேன்."

முழு ஷிப்ட் காலை எட்டரைக்கு. கல்லூரி ஒன்பதரைக்கு. நூற்றுக்கு எழுபத்தைந்து நாள் வருகை இல்லாவிட்டால் தேர்வு எழுத முடியாது, ஆண்டு போய்விடும். ஓர் உடம்பை வைத்துக்கொண்டு இரண்டு இடத்தில் எப்படி இருப்பது?

அம்மாவிடம் சொன்னால் அழுவாள். அப்பாவிடம் சொன்னால் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார். மூன்று இரவு தூங்காமல் கிடந்த முனீஸ், நான்காம் நாள் தன் வகுப்பு நண்பன் பிரபாகரிடம் போய் நின்றான்.

"இவ்வளவுதானா?" என்றான் பிரபாகர், கல்லூரிக்கு எதிரே இருந்த பேக்கரியில் வைத்து. "உன் நம்பர் நாப்பத்தேழு, என்ற நம்பர் நாப்பத்தெட்டு. உனக்குக் கட்டைக் குரல்ல ஒண்ணு, எனக்குச் சொந்தக் குரல்ல ஒண்ணு. ஒருக்கா சொல்றதுக்கு ஒரு தேங்காய் பன்னு."

"பன்னுக்காகவே உனக்கு ஒரு டிகிரி குடுக்கலாம்டா."

"தமிழ் ஐயா தலைய நிமுத்தவா போறாரு? பயப்படாம போய்த் தைடா."

அவன் சொன்னது உண்மை. முதல் மணி தமிழ். அந்த நாளின் வருகை அந்த மணியில்தான் பதியப்படும். பேராசிரியர் பழனிமுத்து ஐயா பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார், எண் மட்டும்தான். பதிலுக்கு 'எஸ் சார்' என்றால் அவரிடம் செல்லாது. 'உள்ளேன் ஐயா' என்று எழுத்துச் சிதையாமல் சொல்ல வேண்டும். ஆனால் இத்தனை கண்டிப்பான அந்த மனிதர், முதல் எண்ணிலிருந்து கடைசி எண் வரை ஒரு தடவைகூடத் தலையைத் தூக்க மாட்டார். முகம் மேசையை நோக்கிக் கவிழ்ந்தே இருக்கும். பிள்ளைகள் அதைச் சோம்பல் என்று நினைத்தார்கள்.

தை பிறந்ததும் முனீஸ் முழு ஷிப்டுக்குப் போனான். வாரத்தில் நான்கு நாள் கம்பெனி, இரண்டு நாள் கல்லூரி.

முதல் நாளே ஒரு சின்ன விஷயம் நடந்தது. அப்போது அவன் அதைப் பொருட்படுத்தவில்லை. தைத்துக்கொண்டிருந்தவனுக்குத் திடீரென்று தொண்டை இறுகியது. வலி இல்லை. உள்ளேயிருந்து எதையோ நூலைப் போல உருவி எடுப்பதாக ஓர் உணர்வு. பக்கத்தில் துண்டுகளை மடித்து மடித்து அவன் கைக்குத் தரும் கைமடி வேலை சித்ராதேவிக்கு. அவனைவிட நான்கு வயது மூத்தவள், வாய் ஓயாதவள்.

"ஏப்பா முனீசு, பீஸை வாங்குன்னு எத்தன தடவ கத்துறேன். ஊமையாயிட்டியா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது.

சில நொடிகளில் குரல் திரும்பிவிட்டது. எதிர்ச் சுவர்க் கடிகாரத்தைத் தற்செயலாகப் பார்த்தான். ஒன்பது முப்பத்தைந்து.

மறுநாளும் அதே நேரம். அதற்கடுத்த நாளும்.

பஞ்சு தொண்டையில் போயிருக்கும் என்றாள் சித்ராதேவி. வாழைப்பழம் சாப்பிடச் சொன்னாள். பனியன் ஊரில் எல்லா நோய்க்கும் பஞ்சுதான் காரணம், வாழைப்பழம்தான் மருந்து. அவனும் சாப்பிட்டான்.

மாசி முதல் வாரத்தில் பிரபாகரைப் பார்க்க அவன் அறைக்குப் போனான். பூட்டியிருந்தது. வீட்டுக்காரம்மா நல்லம்மாள் வெளியே வந்தார்.

"அந்தத் தம்பிக்கு மஞ்சக்காமாலைங்க. ஞாயித்துக்கிழமையே அவிநாசிபாளையம் அவிங்க ஊட்டுக்குப் போயிருச்சு."

அன்று வியாழன். நான்கு நாள் வருகை போயிற்று. ஏற்கெனவே விளிம்பில் நின்றுகொண்டிருந்தவன் அவன். இனித் தலைகீழாக நின்றாலும் எழுபத்தைந்து வராது. மளிகைக் கடை ஒரு ரூபாய்ப் போனுக்கு ஓடினான். வகுப்புத் தலைவி மைதிலியைக் கூப்பிட்டான்.

"மைதிலி, முனீஸ் பேசுறேன். நாலு நாள் அட்டெண்டன்ஸ்… ஏதாவது பண்ண முடியுமா?"

"என்ன நாலு நாளு?"

"இந்த வாரம் நான் வரலைல."

மறுமுனையில் சிரிப்பு. "தூங்கிட்டே பேசறியா? தினமும் வந்துட்டுத்தானே இருக்கே. இன்னிக்குக் காத்தால கூட உள்ளேன் ஐயான்னியே."

"நானா?"

"பின்ன யாரு? கடைசிப் பெஞ்சுல சன்னலோரமாப் போய் உக்காந்துக்கறே. கூப்புட்டாத் திரும்பிக்கூடப் பாக்கறதில்ல. அப்பறம் ஒண்ணு சொல்றேன், தப்பா நெனைக்காதே. கம்பெனில இருந்து வந்தா தலைய ஒதறிட்டு வா. பூராவும் செவப்புப் பஞ்சு."

போனை வைத்தான். தலையைத் தடவிப் பார்த்தான். விரலில் பஞ்சு ஒட்டியது.

வெள்ளைப் பஞ்சு.

அந்த இரண்டு மாதமும் அவர்கள் கம்பெனியில் வெள்ளைத் துணியைத் தவிர வேறெதுவும் ஓடவில்லை.

இந்த இடத்தில் ஒரு கொக்கின் கதையைச் சொல்ல வேண்டும். ஒரு கொக்குக்கு இரண்டு குளத்தின் மேலும் ஆசை. ஒன்றில் மீன் பிடிக்கப் போனால் மற்றதை வேறு கொக்குகள் பிடித்துக்கொள்ளுமே என்று கவலை. தன் நிழலைப் பார்த்து, 'நீ இங்கேயே நில், நான் போய் வருகிறேன்' என்றது. நிழல் சரி என்றது. நிழல் எப்படிப் பேசும், எதற்காகச் சம்மதித்தது என்று கொக்கு யோசிக்கவில்லை. அதற்கு இரண்டு குளமும் கிடைத்துவிட்டது அல்லவா?

முனீஸும் யோசிக்கவில்லை. பயந்தான், அது உண்மை. ஆனால் பயத்தைவிடப் பெரிதாக ஒரு நிம்மதி வந்து அவனை அமுக்கிவிட்டது. வருகை போகவில்லை. தேர்வு எழுதலாம். அம்மா அழ வேண்டியதில்லை. வேறு யாரோ பையன் இரக்கப்பட்டுச் செய்கிறான், வெளிச்சத்துக்கு எதிரே உட்கார்ந்ததால் மைதிலிக்கு ஆள் தெரியவில்லை, அவ்வளவுதான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். நீரில் மூழ்குகிறவன் கையில் சிக்கியதை என்னவென்று பார்த்துக்கொண்டிருப்பானா?

மறுநாள் முதல் அவன் கல்லூரிப் பக்கமே போகவில்லை. வாரம் ஆறு நாளும் முழு ஷிப்ட்.

பதினொரு மணிக்கு டீ வரும். கொண்டுவருபவர் அப்புசாமி. வரிசையாக ஒவ்வொரு மிஷினிலும் ஒரு டம்ளர் வைத்துக்கொண்டே வருவார். அன்று முனீஸின் மிஷினைத் தாண்டிப் போனார்.

"மாமனுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சு," என்று சித்ராதேவி சிரித்தாள். "இங்க ஒரு மனுசன் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கான்ல."

அப்புசாமி திரும்பி வந்து உற்றுப் பார்த்தார். கண்ணைக் கசக்கினார். "அட, ஆமாங்க," என்று டம்ளரை வைத்தார். மறுநாளும் தாண்டிப் போனார். அதற்கு மறுநாள் சித்ராதேவி சிரிக்கவில்லை, அவளும் கவனிக்கவில்லை.

மினி பஸ்ஸில் கண்டக்டர் அவனிடம் டிக்கெட் கேட்பதை நிறுத்தினார்.

வீட்டில் அம்மா இரண்டு தட்டு மட்டும் வைத்தாள். "எனக்கும்மா?" என்றான். அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். "எப்பய்யா வந்த?" அவன் வந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. அவளுக்கு எதிரேதான் உட்கார்ந்திருந்தான்.

களைப்பு, அவ்வளவுதான் என்று நினைத்தான். அம்மாவுக்கும் களைப்பு, தனக்கும் களைப்பு.

தினமும் ஒன்பது முப்பத்தைந்துக்குத் தொண்டை இறுகியது. ஆனால் இப்போது குரல் உடனே திரும்புவதில்லை. முதலில் பத்து நிமிடம். பிறகு பதினொரு மணி டீ வரை. பங்குனி பிறந்தபோது, மாலை ஆனாலும் கிசுகிசுப்பைத் தாண்டி எழவில்லை.

பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை. ஈஸ்வரமூர்த்தி அவன் மிஷின் முன்னால் வந்து நின்றார்.

"இந்த மிஷின் ஏன் சும்மா கெடக்குது? ஆள் எங்கீங்க?"

முனீஸ் தைத்துக்கொண்டிருந்தான். கையில் துணி இருந்தது. ஊசி ஓடிக்கொண்டிருந்தது.

"சார்," என்றான்.

அவர் பார்வை அவனை ஊடுருவிப் பின்னாலிருந்த சுவரில் நின்றது. சித்ராதேவி துண்டுகளை அடுக்கியபடி சொன்னாள்:

"வரல சார். ரெண்டு வாரமா வரல."

"சித்ராக்கா…"

அவள் திரும்பவில்லை.

"அப்பச் சரி. புது ஆளப் போட்டுக்கலாம்."

சிறிது நேரத்தில் புது டெய்லர் ஒருவர் வந்தார். ஸ்டூலைக் கையால் தட்டினார். உட்காரக் குனிந்தார்.

முனீஸ் துள்ளி எழுந்தான்.

அவர் உட்கார்ந்தார். "சூடா இருக்குதே," என்றார். தைக்கத் தொடங்கினார்.

முனீஸ் பகல் முழுக்க நடந்தான். அனுப்பர்பாளையம் வரை போனான், திரும்பினான். யார் மீதாவது மோதினால் அவர்கள் காற்று அடித்ததைப் போலத் தோளைக் குறுக்கிக்கொண்டு போனார்கள். தெரு நாய் ஒன்று மட்டும் அவனை நிமிர்ந்து பார்த்தது. வாலைக் கால் இடுக்கில் ஒடுக்கிக்கொண்டு பின்வாங்கிப் போயிற்று.

விளக்கு வைத்த நேரத்தில் வீட்டு வாசலுக்கு வந்தான். கதவு திறந்திருந்தது. அம்மா பாத்திரம் கழுவிய தண்ணீரை வெளியே ஊற்றினாள். தண்ணீர் அவன் கால் மேல் விழுந்தது.

"அம்மா."

அவள் தெருவைப் பார்த்தாள். கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழும் சத்தம். டக்.

உள்ளே அப்பாவின் குரல் கேட்டது.

"பய வந்துட்டானா?"

"அப்பவே வந்துருச்சே. சாப்ட்டுப் படுத்துருச்சு. பாவம், அசந்து தூங்குது. பேசாம இருங்க."

முனீஸ் சன்னல் இடுக்கில் கண்ணை வைத்தான்.

அவனுடைய பாய். அவனுடைய போர்வை.

சுவரைப் பார்த்தபடி யாரோ படுத்திருந்தார்கள்.

போர்வைக்கு வெளியே பின்னந்தலை மட்டும் தெரிந்தது. முடியெல்லாம் சிவப்புப் பஞ்சு.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

அவன் கதவைத் தட்டினான். அடித்தான். தலையால் மோதினான். அம்மா ஒரு தடவை மட்டும் நிமிர்ந்தாள். "காத்து," என்றாள்.

போர்வைக்குள் இருந்தது மெல்லத் திரும்பத் தொடங்கியது…

முனீஸ் ஓடிவிட்டான்.

விடியும்வரை எங்கே இருந்தான் என்று அவனுக்கே நினைவில்லை. நினைவில் இருந்தது ஒன்றுதான். கம்பெனியில் அவன் இல்லை. வீட்டில் அவன் இல்லை. அவன் இருப்பதாகச் சொல்லப்படும் இடம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். காலை ஒன்பதரைக்குள் அங்கே போய்விட வேண்டும்.

கல்லூரி வாசலில் வாட்ச்மேன் அடையாள அட்டை கேட்கவில்லை. படி ஏறினான். வகுப்புக் கதவில் நின்றான். யாரும் திரும்பவில்லை. பிரபாகர் நோய் தெளிந்து வந்திருந்தான். மெலிந்துபோய் வாசலோரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். முனீஸ் அவன் தோளைப் பிடித்து உலுக்கினான். பிரபாகர் தோளைச் சொறிந்துகொண்டான்.

கடைசிப் பெஞ்சைப் பார்த்தான்.

சன்னலோரம். பின்னால் வெயில். ஓர் உருவம்.

அவனுடைய கோடு போட்ட சட்டை.

முகம் தெரியவில்லை. வெயில் கூசியது.

ஐயா வந்தார். குனிந்தார். கூப்பிட ஆரம்பித்தார். ஒன்று. இரண்டு. மூன்று…

மணி ஒன்பது முப்பத்தைந்து.

"நாற்பத்தைந்து."

"உள்ளேன் ஐயா."

"நாற்பத்தாறு."

"உள்ளேன் ஐயா."

"நாற்பத்தேழு."

முனீஸ் தயாராக இருந்தான். மூச்சை இழுத்துப் பிடித்திருந்தான். அந்த எண் முடியும் முன்னே கத்தினான். "உள்ளேன் ஐயா."

சத்தம் அவன் வாயில் இல்லை.

அது கடைசிப் பெஞ்சிலிருந்து வந்தது. அவனுடைய குரல். அவன் தொண்டையிலிருந்து உருவி எடுத்த அதே குரல்.

"உள்ளேன்… ஐயா."

ஐயாவின் பேனா தாளைத் தொட்டது.

அவ்வளவுதான். இனி அடுத்த எண். இனி எதுவும் இல்லை.

அந்த நொடியில் அவனுக்கு அம்மாவின் விரல்கள் நினைவுக்கு வந்தன. இன்னொன்றின் தலையில் பஞ்சு எடுத்துக்கொண்டிருந்த விரல்கள்.

பட்டம் போகட்டும்.

"நாப்பத்தேழு வரலைங்கய்யா," என்றான்.

பேனா நின்றது.

குரல் கரகரத்துத்தான் வந்தது. ஆனால் வந்தது.

"இன்னிக்கு மட்டுமில்லைங்கய்யா. தை மாசத்துலேருந்து வரல. கம்பெனிக்குப் போனேன். எனக்காகச் சொன்னது வேற ஆளு."

அறுபது தலைகளும் திரும்பின. அவனைப் பார்த்தன. பிரபாகர் வாயைப் பிளந்தான். "டேய், எப்படா வந்தே?"

பழனிமுத்து ஐயாவும் தலையைத் தூக்கினார். அந்த வகுப்பு அவர் கண்ணை அன்றுதான் பார்த்தது. ஆனால் அவர் முனீஸைப் பார்க்கவில்லை. அவனைத் தாண்டி, கடைசிப் பெஞ்சைப் பார்த்தார். முகம் வெளுத்தது. மெல்லக் கேட்டார்.

"போய்விட்டதா?"

முனீஸ் திரும்பினான். பெஞ்சு காலி. வெயில் மட்டும் விழுந்து கிடந்தது. மரப்பலகை மேல் ஒரு கைப்பிடி சிவப்புப் பஞ்சு.

அந்த ஆண்டு போயிற்று. தேர்வு எழுத விடவில்லை. மீண்டும் அதே ஆண்டைப் படிக்க வேண்டும் என்றார்கள். அன்று வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னான். ஒச்சாயி திட்டினாள். அழுதாள். மறுபடி திட்டினாள். திட்டிக்கொண்டே மூன்று தட்டு வைத்துச் சோறு போட்டாள். அவன் அவ்வளவு ஆனந்தமாக எந்த நாளும் வசவு வாங்கியதில்லை.

"காலைல எந்திரிச்சுப் பாயைக்கூடச் சுருட்டாம ஓடுற," என்றாள் அவள். "பாரு, பாயெல்லாம் என்னா செவப்பு."

அவன் அன்றைக்கே அந்தப் பாயை எடுத்துக்கொண்டு போய் எரித்தான்.

சில நாள் கழித்துப் பிரபாகர் வந்தான். தலையைக் குனிந்துகொண்டே பேசினான்.

"ஒண்ணு சொல்றேன். அடிக்காதே. நான் உனக்கு ஒரு நாளும் குரல் குடுக்கவே இல்லடா."

"என்னடா சொல்ற?"

"மொத நாள் வாயத் தொறக்கறதுக்குள்ள பின்னாடியிருந்து நீயே சொல்லிட்டே. கம்பெனிக்குப் போகாம வந்துட்டேன்னு நெனைச்சேன். அடுத்த நாளும் அப்படியே. சொன்னா பன்னு வாங்கித் தர மாட்டியேன்னு… சும்மா இருந்துட்டேன்."

மிச்சத்தைச் சொன்னவர் கன்னையன். அந்தக் கல்லூரி அட்டெண்டர். ஜூன் மாதம் மறுசேர்க்கைக்குப் போன அன்று, முனீஸைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் தனியே அழைத்துப் போனார்.

"நாலு வருசம் ஆச்சு கண்ணு. தமிழ்செல்வன்னு ஒரு பையன். மடத்துக்குளத்துப் பக்கம். கம்பெனி ரூம்லயே தங்கிட்டு நைட் ஷிப்ட் பாத்துட்டு, காத்தால ஓடி வருவான். லேட்டானா சிநேகிதப் பையன் ஒருத்தன் குரல் குடுப்பான். ஒரு நாள் தூக்கக் கலக்கத்துல சைக்கிள்ல வந்தவன் லாரில விட்டுட்டான். ஊருக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்க. இங்க ஒருத்தருக்கும் தெரியலை. அந்தச் சிநேகிதன் பாட்டுக்குத் தினமும் உள்ளேன் ஐயா சொல்லிட்டிருந்தான். செத்த பையனுக்குங்க."

கன்னையன் குரலைத் தாழ்த்தினார்.

"காரியம் முடிஞ்சு அவிங்க அப்பன் சர்ட்டிபிகேட் வாங்க வந்தாரு. நாந்தான் கூட்டிட்டுப் போனேன். வாசல்ல நிக்கறோம். ஐயா பன்னண்டுன்னாரு, அதான் அந்தப் பையன் நம்பரு. உள்ளேன் ஐயான்னு கேட்டுச்சு. அந்தப் பெரியவரு, 'என்ற பையன் குரலுங்க'ன்னுட்டு உள்ள ஓடுனாரு. கடைசிப் பெஞ்சுல ஆளே இல்லீங்க. தெனமும் குரல் குடுக்கற அந்தச் சிநேகிதப் பையன்… அன்னிக்கு லீவு."

தொட்டியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அன்னையில இருந்து ஐயா தலையத் தூக்கறதில்ல. பையன எடுத்தப்போ தலை பூராவும் செவப்புப் பஞ்சுன்னு அந்தப் பெரியவர் சொன்னாரு. அன்னிக்கு அவிங்க கம்பெனில செவப்புத் துணி ஓடுச்சாமா."

"அப்ப என் நம்பரு எப்படி…"

"அவனுக்கு நம்பரெல்லாம் ஏது கண்ணு. யாரு இல்லையோ, அவங்க எடந்தான் அவனுக்கு."

முனீஸ் அந்த ஆண்டு ஒரு நாளும் வகுப்பைத் தவறவிடவில்லை. மாலையில் அரை ஷிப்ட் தரும் சின்னக் கம்பெனி ஒன்றைத் தேடிக்கொண்டான். முதல் பெஞ்சில் உட்கார்ந்தான்; அவனுக்குப் பின்னால் இரண்டாவது பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. ஐயா எண்ணைக் கூப்பிட்டுப் பதில் வராத போதெல்லாம், குனிந்த தலையோடு மெல்லக் கேட்பார்: "முனீஸ், பார்த்துச் சொல்லப்பா." அவன் எழுந்து கடைசிப் பெஞ்சைப் பார்ப்பான். காலியாக இருக்கும். "வரலைங்கய்யா" என்பான். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் முழுவதும் அந்தப் பெஞ்சு காலியாகவே இருந்தது. குரலும் கேட்கவில்லை. இனிப் பயமில்லை என்று அவனுக்குத் தோன்றத் தொடங்கியது.

செப்டம்பரில், வகுப்பில் எபினேசர் என்ற பையன் முழு ஷிப்டுக்குப் போகப் போவதாகப் பேச்சு அடிபட்டது. அப்பா இல்லாத பையன். முனீஸ் அன்று மாலையே அவன் வீட்டைத் தேடிப் போனான்.

"எபி, எப்படியாவது வந்துரு. அரை ஷிப்ட் நான் வாங்கித் தர்றேன். என்ன ஆனாலும் யாரையும் உனக்காகக் குரல் குடுக்கச் சொல்லிராத."

"நான் யாரையும் கேக்கலண்ணே," என்றான் எபினேசர். "அவரே வந்து கேட்டாரு. நீ நிம்மதியா வேலைக்குப் போ, நான் சொல்லிக்கிடுதேன்னு."

"யாரு?"

"என்ன அண்ணே, தெரியாத மாதிரி கேக்கிய?" எபினேசர் சிரித்தான். "இரண்டாவது பெஞ்சில. உங்களுக்கு நேர் பின்னால உக்காருதாரே, அவருதான்."